நான் கேட்காத எட்டு மணிச் செய்தி

ஆன்டெனா ட்யூனரைத் திருப்பத் தெரிந்தவன் என்று எங்கள் வட்டாரத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. வயர்லெஸ் செட்டில் குரல் மங்கினால் "மாதையனக் கூப்பிடுங்க" என்பார்கள். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது ஆற்று நீர்மட்டத்தை ஒரு கருவி தானாக அளந்து நேரே செல்போனுக்கு அனுப்பிவிடுகிறது. ட்யூனரைத் திருப்ப ஆளே வேண்டாம். ஆனாலும் பேர் போகவில்லை.

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு ஒருவர் போன் செய்தார். "சார், சிற்றலையில அவ்ளோ தூரத்துக் குரல எப்படிப் புடிச்சீங்க, அந்த ட்யூனர எப்படி உபயோகிச்சீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. இப்ப இருக்கிற பசங்களுக்கு அது என்னான்னே தெரியாது" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் தடையில்லாமல் வந்தது. மூன்றாவது பக்கத்தில் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் எழுத வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தாண்டிப் போக வேண்டும். முப்பது வருஷமாக அதைச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

எழுதிய இரண்டு பக்கத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மற்றது விளங்காது.

நான் வேலை பார்த்தது தென்பெண்ணைக் கரையில், தீர்த்தமலைப் பக்கம், ஒரு நீர் அளவு நிலையத்தில். ஒரு அறை, ஒரு வராந்தா, ஆற்றுக்குள் இறங்கும் படி, படியில் அடி அடியாக எண் எழுதிய அளவுகோல். அறைக்குள் மேசை மேல் வயர்லெஸ் செட். மேலே உள்ள அணையில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று அங்கிருக்கும் ஆபரேட்டர் சொல்வார். நான் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சென்னையில் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியில் படித்த எதுவும் ஆற்றங்கரையில் உதவவில்லை. உதவியது சூசை சார் சொல்லிக் கொடுத்தது.

சூசைராஜ் எங்கள் நிலைய மேற்பார்வையாளர். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா காலம்வரை விவசாயம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னையும், அளவு பார்க்கும் கோபாலையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியதில்லை. தப்பு செய்தால் திட்டமாட்டார். பக்கத்தில் வந்து நின்று, நாமே கண்டுபிடிக்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிடத் திட்டிவிட்டுப் போகலாம் என்று இருக்கும்.

எங்கள் ஆன்டெனா ஒரு நீளமான செம்புக் கம்பி. ஒரு முனை இரும்புக் கம்பத்தில், மறு முனை புளியமரத்தில். ஒவ்வொரு அலைவரிசைக்கும் கம்பி ஒவ்வொரு நீளம் இருக்க வேண்டும். நம் கம்பியோ ஒரே நீளம். நேரத்துக்கு நேரம் வெட்டி ஒட்ட முடியாது. அங்கேதான் ட்யூனர் வருகிறது. செட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே காயில் என்கிற கம்பிச் சுருள் ஒன்று, இரண்டு கண்டென்சர். வெளியே மூன்று குமிழ்கள். அவற்றைச் சரியாகத் திருப்பினால் கம்பியின் நீளம் அந்த அலைவரிசைக்குப் பொருத்தமானதுபோல் ஆகிவிடும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்ட குரல் எதிர் நாற்காலியில் வந்து உட்காரும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குரலைக் கேட்டுக்கொண்டே குமிழைத் திருப்புவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். சூசை சார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொரலத் தேடாதீங்க மாதையன். யாரும் பேசாத நேரத்துல எரைச்சலத் தேடுங்க. வெறும் எரைச்சல் எங்க பொங்கி வருதோ, அங்க நிறுத்துங்க. அப்புறம் கொரல் தானா வரும்."

முதலில் காயில் குமிழை ஒவ்வொரு படியாகத் திருப்ப வேண்டும். இரைச்சல் சற்றுத் தூக்கும் படியில் விட்டுவிட வேண்டும். பிறகு இரண்டு கண்டென்சர் குமிழ்களையும் மாற்றி மாற்றி, மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். ஒன்றைத் திருப்பினால் மற்றது கொஞ்சம் விலகும். அதைத் திருப்பினால் இது விலகும். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் இரைச்சல் பால் பொங்குவதுபோல ஒரு நொடியில் மேலேறும். அந்த இடம்தான். சூசை சார் இதைச் செய்யும்போது கண்ணை மூடிக்கொள்வார், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முடிந்ததும் வீட்டுக்காரம்மாவின் நகப்பூச்சுப் புட்டியை எடுத்து மூன்று குமிழ்களிலும் சிவப்பாக ஒரு கோடு போட்டார். "இது அணை. இத யாரும் மறக்கக் கூடாது" என்றார்.

செய்தி கேட்பதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். எண்ணை எண்ணாகச் சொல்லக் கூடாது, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து "சரி" வந்த பிறகுதான் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதும்போது "திருப்பிச் சொல்லி உறுதி பெற்றேன்" என்று சேர்க்க வேண்டும். "சரி" வராவிட்டால் ட்யூனரைப் பார்க்க வேண்டும், மூன்று தடவை கூப்பிட வேண்டும், அப்புறமும் வராவிட்டால் மாற்று அலைவரிசைக்குப் போக வேண்டும். பத்தாயிரம் கன அடிக்கு மேல் என்றால் கோபால் உடனே சைக்கிளில் ஆற்றோரமாகப் போய் மெகாபோனில் சொல்ல வேண்டும். ஆற்று மணலில் தர்பூசணியும் வெள்ளரியும் வைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் பத்துப் பதினைந்து இருந்தன. தரைப்பாலமும் இருந்தது. தண்ணீர் எங்களிடம் வந்துசேர மூன்றரை மணி நேரம் ஆகும். அந்த மூன்றரை மணி நேரத்துக்காகத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இதுவரை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எனக்கு ஒரு பழக்கம் வந்தது. என்னிடம் சொந்தமாக ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அதில் வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பு ஒன்று தேய்ந்து தேய்ந்து கேட்கும். ஒருநாள் வேலை இல்லாத நேரத்தில் ஆபீஸ் கம்பியைச் செட்டிலிருந்து கழற்றி, ட்யூனர் வழியாகவே என் டிரான்சிஸ்டரில் மாட்டினேன். குமிழ்களைத் திருப்பி இரைச்சல் பொங்கும் இடத்தைப் பிடித்தேன். அறிவிப்பாளர் அம்மாவின் குரல் அறை முழுக்க நிறைந்தது. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அன்றைக்கு ஒரு பென்சில் எடுத்து, சிவப்புக் கோட்டுக்குத் தள்ளி, மூன்று குமிழ்களிலும் எனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

அந்த ஒலிபரப்பில் ஞாயிறு காலை ஏழரைக்கு நேயர் கடிதம் வாசிப்பார்கள். நானும் எழுதினேன். ட்யூனர் வைத்த பிறகு அவர்கள் ஒலிபரப்பு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, மற்ற நேயர்கள் அதை எப்படிச் செய்துகொள்ளலாம் என்று நான்கு பக்கம் எழுதினேன். படம் வரைந்தும் அனுப்பினேன். ஆறு வாரம் காத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் யார் யார் பேரோ வந்தது.

அந்த ஞாயிறு ஐப்பசி மாதம். மேலே மூன்று நாளாக மழை. போன் கம்பிகள் அறுந்து கிடந்தன. அணைக்கும் எங்களுக்கும் வயர்லெஸ்தான் ஒரே வழி. சூசை சார் காலையில் பூசைக்குப் புறப்பட்டார். சைக்கிளில் ஏறும் முன் வராந்தாவுக்குத் திரும்பி வந்து சொன்னார்.

"மழ நாளுங்க. மணிக்கு ஒருக்கா செய்தி வரும். செட்ட வுட்டு நகராதீங்க. நான் பத்தரைக்குள்ள வந்துருவேன்."

"நீங்க போயிட்டு வாங்க சார். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஏழு மணிச் செய்தி தெளிவாக வந்தது. நாலாயிரம் கன அடி. திருப்பிச் சொன்னேன், "சரி" வந்தது, எழுதினேன். எட்டு மணிவரை வேலை இல்லை. கம்பியைக் கழற்றி டிரான்சிஸ்டரில் மாட்டினேன். குமிழ்களைப் பென்சில் கோட்டில் வைத்தேன்.

ஏழு ஐம்பதுக்கு அந்த அம்மா சொன்னார்: "தர்மபுரி மாவட்டம், அரூர் வட்டத்திலிருந்து நேயர் மாதையன் எழுதியிருக்கிறார்."

என் பேர். எங்கள் ஊர்ப் பேர். கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. ட்யூனர் என்ற சிறு பெட்டியை இணைத்த பிறகு நம் ஒலிபரப்பு அடுத்த வீட்டுப் பேச்சுப்போலக் கேட்பதாக நேயர் சொல்கிறார், மிகவும் பயனுள்ள கடிதம் என்று அவர் பாராட்டி முடிக்கும்போது எனக்குக் காது அடைத்துக்கொண்டது. வெளியே ஓடினேன். கோபால் படியில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"எம் பேரச் சொன்னாங்கடா! ரேடியோவுல!"

"நெசமாவாண்ணா? எந்த ரேடியோவுல?" என்று அவனும் எழுந்துவிட்டான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம். எட்டு மணி ஆகிவிட்டது என்று உறைத்து உள்ளே ஓடி, டிரான்சிஸ்டரிலிருந்து கம்பியைப் பிடுங்கிச் செட்டில் செருகினேன்.

குமிழ்களைத் திருப்பவில்லை.

காது கொடுத்தால் இரைச்சல்கூடச் சரியாக இல்லை. பொரிகடலை வறுக்கிற மாதிரி ஒரு சடசடப்பு மட்டும். மேலே இடி இடிக்கிறது என்று நினைத்து ஒலியைக் கூட்டினேன். அடியில் எங்கோ ஒரு குரல். ஒரு சடசடப்பு, பிறகு, "...ஆறு, சைபர், சைபர், சைபர்." மறுபடியும் சடசடப்பு, "...ஆறு, சைபர், சைபர்..."

"ஆறு, சைபர், சைபர், சைபர். சரியா?" என்றேன்.

பதில் இல்லை. ட்யூனர் தப்பான இடத்தில் இருந்தால் நமக்குக் கேட்பது மட்டுமல்ல, நாம் பேசுவதும் போய்ச்சேராது. செட்டில் இருந்த மீட்டர் முள் அதைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் முள்ளைப் பார்க்கவில்லை. நாலாயிரம் ஆறாயிரம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றியது. பதிவேட்டில் ஆறாயிரம் என்று எழுதினேன். பக்கத்தில், பழக்கமாக, "திருப்பிச் சொல்லி உறுதி பெற்றேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழக்கமாக என்று சொல்வதும் ஒரு சாக்குத்தான். எழுதும்போது அது பொய் என்று தெரியும்.

ஒன்பது மணிக்கு ஒன்றுமே கேட்கவில்லை. "இடி இரைச்சல், தெளிவில்லை" என்று எழுதினேன். பத்து மணிக்கும் அதே. இடையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், அந்த ஒலிபரப்புக்கு நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்குச் சூசை சார் வந்தார். செட்டைக் கேட்கவில்லை. நேராகப் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு மேசைக்கு வந்தார். ட்யூனரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நின்றபடியே மூன்று குமிழ்களையும் சிவப்புக் கோட்டுக்குத் திருப்பினார்.

மூன்றாவது குமிழ் கோட்டில் நின்றதும் குரல் அறைக்குள் விழுந்தது. அணை ஆபரேட்டர் தொண்டை கம்மிப் போய்க் கத்திக்கொண்டிருந்தார். "...நிலையம், நிலையம், கேக்குதா? எட்டு மணிக்குத் தொறந்தது ஒன்று, ஆறு, சைபர், சைபர், சைபர். யாராவது இருக்கீங்களா? ஒன்று, ஆறு..." இரண்டரை மணி நேரமாக அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

பதினாறாயிரம். ஒன்று என்ற ஒரே சொல் சடசடப்புக்குள் போயிருந்தது.

சூசை சார் திருப்பிச் சொல்லி உறுதி வாங்கினார். குரல் அப்போதும் உயரவில்லை. "கோபால், ஓடுங்க. நான் பாலத்துக்குப் போறேன். மாதையன், நீங்க செட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். கோபால் கீழ்ப்பக்கம் மெகாபோனோடு போனான். தண்ணீர் பதினொன்றரைக்கு வந்தது. முதலில் நுரையும் சருகும், பின்னால் ஆறே எழுந்து நடந்து வருவதுபோல. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தமட்டும் எல்லோரையும் கரையேற்றிவிட்டார்கள். பாலத்தில் யாருக்கும் ஒன்றுமில்லை. மணலில் தர்பூசணி வைத்திருந்த சென்றாயன் என்பவர் மட்டும், கரையேறிய பிறகு ஆயில் இஞ்சினை எடுக்க மறுபடி இறங்கினார். இரண்டு நாள் கழித்து ஐந்து மைல் கீழே ஒரு முட்புதரில் கிடைத்தார். முப்பத்தைந்து வயது. மனைவி பழனியம்மாள், இரண்டு பிள்ளைகள்.

பத்து நாளில் விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. முந்தின நாள் மாலை சூசை சார் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"நாளைக்கு அவரு கேப்பாரு. நீங்களே சொல்லிடுங்க மாதையன். நான் சொன்னா அது உங்க மேல புகாரு. நீங்க சொன்னா அது வேறங்க."

"சொல்லிடறேன் சார்" என்றேன். அன்று இரவு சொல்ல வேண்டியதை மனப்பாடம்கூடச் செய்தேன்.

மறுநாள் அதிகாரி கேட்டார், "எட்டு மணிச் செய்தி ஏன் சரியாக் கேக்கல?"

"இடி எரைச்சல் அதிகம் சார்" என்றது என் வாய். "ஆன்டெனா கம்பியும் பழசு."

"உறுதி பெற்றேன்னு எழுதியிருக்கீங்களே?"

"சரின்னு ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்துது சார்."

அதிகாரி சூசை சார் பக்கம் திரும்பினார். "கம்பி எப்ப மாத்தினது?"

சூசை சார் என் பக்கத்தில் வந்து நின்று பார்ப்பாரே, அதே மாதிரி பார்த்தார். நான் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமில்லை. எனக்கு எல்லாம் தெரியும். நான் தரையைப் பார்த்தேன்.

"மூணு வருஷம் ஆச்சுங்க" என்றார் அவர் கடைசியில். "மாத்தச் சொல்லி நான் எழுதியிருக்கணும். எழுதல."

பராமரிப்புக் குறைவு என்று முடித்தார்கள். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு நின்றது. தூரத்தில் ஒரு நிலையத்துக்கு மாற்றினார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். அவர் புறப்பட்ட அன்று நான் லீவு போட்டேன். இரண்டு வருஷத்தில் அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு நானே வந்தேன். பிறகு பல நிலையங்களிலிருந்து ஆட்களை என்னிடம் அனுப்பினார்கள். "கொரலத் தேடாதீங்க, எரைச்சலத் தேடுங்க" என்று அவர்களுக்குச் சொல்வேன். யார் சொன்னது என்று சொல்லமாட்டேன். என் சொந்தச் சரக்கு என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த வெளிநாட்டு நிலையம் கடிதத்துக்கு நன்றி என்று ஒரு வண்ண அட்டை அனுப்பியிருந்தது. விசாரணை முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தது. கிழித்துப் போடத் தோன்றவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு அது போதும்.

மலருக்கான கட்டுரை மூன்றாம் பக்கத்தில் நின்றதும், இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை பஸ் ஏறி ஆற்றுப் பக்கம் போனேன். பழனியம்மாளின் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். வாசலில் சாக்கு விரித்துப் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். நான் யார் என்று சொன்னேன். ஆபீஸ் பேரைக் கேட்டதும் கை நின்றது.

நின்றபடியே சொன்னேன். ரேடியோ, பென்சில் கோடு, பதிவேட்டில் எழுதிய பொய், விசாரணையில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. நான் முடித்ததும் அவர் கேட்டார்:

"அப்ப அந்தப் பெரிய ஐயா?"

"சூசை சாருங்களா? அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க."

"காரியம் முடிஞ்ச மறுநாளு வந்தாருங்க. தப்பு எங்க ஆபீசு மேலதான்னு சொல்லி, இதே எடத்துல கை கூப்பி நின்னாரு." பழனியம்மாள் வாசலைக் காட்டினார். "நான் மண்ண வாரித் தூத்துனேன். உங்குடும்பம் வெளங்காது, உம் புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும்னு. மூணு தடவ வாரித் தூத்துனேனுங்க. தொடைச்சிக்காமக்கூட நின்னாரு."

எனக்கு அது தெரியாது. அவர் என்னிடம் சொன்னதில்லை.

"அது உங்க மேல வுழுந்திருக்க வேண்டிய மண்ணு" என்றார்.

"ஆமாங்க."

மறுபடி மண்ணை எடுப்பார் என்று நினைத்தேன். எடுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் எழுந்து கையைக் கழுவினார். "அவரு உசுரோட இருக்காருங்களா?"

"கடத்தூர்ல மக வூட்ல இருக்காருன்னு கேள்விங்க."

"என்னைக் கூட்டிட்டுப் போங்க."

அரூர் வந்து கடத்தூர் பஸ் ஏறினோம். அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால்.

சூசை சாருக்கு எண்பது தாண்டிவிட்டது. மெலிந்து போயிருந்தார். கதவைத் திறந்த மகள் உள்ளே போய்ச் சொன்னதும் அவரே நடந்து வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்க மாதையன்" என்றார், நேற்றுப் பார்த்தவர்போல. பழனியம்மாளைத் தெரியவில்லை. நான் சொன்னேன். அவர் முகம் மாறியது. பழனியம்மாளுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

பழனியம்மாள் உட்காரவில்லை. "தெரியாம உங்க மேல மண்ண வாரித் தூத்திட்டேனுங்க. இவரு இன்னைக்குத்தான் சொன்னாரு. மன்னிச்சிருங்க சாமி" என்று கும்பிட்டார்.

"உக்காருங்கம்மா. எனக்கும் பங்கு இருக்குங்க. அந்தப் பென்சில் கோட்ட ஒரு வருஷம் முன்னாடியே பாத்தேன். அழிக்கச் சொல்லல. நானும் ரெண்டு மூணு ஞாயித்துக்கெழம இவருகூட உக்காந்து பாட்டுக் கேட்டிருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா என்னைப் பெரிய மனுஷன்னு நெனச்சிக்காதீங்க மாதையன். நீங்க சொல்லுவீங்கன்னு மொத வருஷம் காத்திருந்தேன். ரெண்டாவது வருஷம் கோவம். அப்புறம் உங்க பேரக் கேட்டாலே வெறுப்பு. பொண்ணு கல்யாணத்துக்கு ஆபீசுல எல்லாருக்கும் பத்திரிகை வச்சேன். உங்களுக்கு வைக்கல."

"தெரியுங்க சார்" என்றேன். மலருக்கு எழுத உட்கார்ந்து மூன்றாம் பக்கத்தில் கை நின்றதையும் சொன்னேன்.

"இப்ப வெறுப்பு இல்ல. வயசாயிருச்சு, அவ்ளோதான். அந்த மூணாம் பக்கத்த எழுதுங்க. உங்க பேரோட எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். மகள் டீ கொண்டுவந்து வைத்தார். பழனியம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு தெரியணுமுங்க. மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு எட்டு மணிக்கே ஆளு வந்து சொல்லியிருந்தா, இஞ்சின எடுக்க நேரம் இருந்திருக்குங்களா?"

சூசை சார் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் தரையைப் பார்க்கவில்லை.

"இருந்திருக்குங்க. மூணரை மணி நேரம். இஞ்சின், கொழாய், காயி எல்லாத்தயும் ஏத்திட்டு, வூட்டுக்கு வந்து சாப்புட்டிருக்கலாமுங்க."

அவர் கொஞ்ச நேரம் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"கரையேறுனதும் அவரு போதும்னாருங்க. போனாப் போவுது இஞ்சின், வுடுன்னாரு. நான்தான் கத்துனேன். ஆம்பளயா நீ, அது போச்சுன்னா புள்ளைங்களுக்கு என்னா பண்ணுவேன்னு. எல்லாரு முன்னாடியும் கேட்டேன். அந்த ரோசத்துலதான் எறங்குனாரு." குரல் உடையவில்லை. கணக்குச் சொல்கிறவர்போலச் சொன்னார். "புள்ளைங்ககிட்டகூட இதச் சொன்னதில்ல. நான்தான் அனுப்பிக் கொன்னேன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருக்கேன்."

நான் கெடுத்தது இரண்டு பேரை என்றுதான் முப்பது வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஆற்றில் போனவர் ஒருவர், பதவி போனவர் ஒருவர். நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே இறங்கியிருக்கக்கூடிய பாரம் இன்னொன்று இருந்தது என்று எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்துகொள்ளப் போனதும் இல்லை.

"நீங்க இல்லீங்கம்மா" என்றேன். "நான்தான்."

பழனியம்மாள் நம்பாதவர்போல என் முகத்தையே பார்த்தார்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.